சொல்லும் சார்பும்

ஆங்கிலச் சொல்லொன்றின் பொருள் யாதென மாணவனொருவன் வினவும்போது, ஆசிரியர் முதலிற் செய்யவேண்டுவது விடை கூறுதலன்று. எதிர்வினா ஒன்றை வினாவுதலேயாம். "அச்சொல் எங்கே வந்தது?" என்பதே அவ்வினா. இச்சிறிய உண்மையை யாம் நூல்களின் வாயிலாக முன்னரே அறிந்திருந்தும், எமது பிழையொன்றின் வாயிலாகவே நன்குணர்ந்தோம். பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டியபோது, அப்பிழையை ஒளியாது கூறி, அதனாற் பெற்ற பாடத்தை அன்பர்கள் முன்வைத்தல் தகுமெனக் கருதினோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. காலை மணி அடித்துவிட்டது. யாம் வரவுப் பதிவேட்டுடன் வகுப்பை நோக்கி விரைந்துகொண்டிருந்தோம். மேல்வகுப்பு மாணவன் ஒருவன் எதிரே வந்து, "சேர், சாங்ஷன் எண்டால் என்ன?" என்று கேட்டான். அன்று காலைப் பத்திரிகையிலே, நாடொன்றின்மீது பிற நாடுகள் விதித்த பொருளாதாரத் தடைகளைப் பற்றிப் படித்திருந்தோம். அத்தடைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அதுவே. ஆதலின், நடையை நிறுத்தாமலே "தடை" என்று சொல்லிச் சென்றோம். அவனும் தலையசைத்துப் போயினான்.

அவன் கேட்ட சொல் பத்திரிகையில் வந்ததன்று. அவன் தந்தையாருக்கு வந்த கடிதமொன்றில் வந்தது. வீட்டுக்குக் கூரையிடும் பொருட்டு அவர் வேண்டியிருந்த உதவித்தொகை 'சாங்ஷன்' செய்யப்பட்டுள்ளது, குறித்த நாளுக்கு முன் வந்து ஒப்பமிட்டுப் பெற்றுக்கொள்க என்பது அக்கடிதத்தின் கருத்து. ஆங்கிலம் வாசிப்பார் பிறர் இல்லாத அவ்வீட்டில், முதல் வரியில் நின்ற அச்சொல்லோடு வாசிப்பு முடிந்தது. தொகை தடுக்கப்பட்டுவிட்டது எனக் கருதிய தந்தையார், கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். உறவினரொருவர் அதனை எடுத்து முழுவதும் வாசித்துச் சொன்னபோது, குறித்த நாள் கடந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. மீண்டும் விண்ணப்பம், மீண்டும் காத்திருப்பு. அவ்வாண்டு மாரியை அக்குடும்பம் தறப்பாளின் கீழேயே கழித்தது. அப்பையன் எம்மைக் குறைகூறவில்லை. அவன் குறைகூறாமையே எம்மை இன்றளவும் உறுத்துகின்றது.

1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தினாலே தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கப்பட்டிருக்க, அவருக்கு ஏன் ஆங்கிலத்திற் கடிதம் வந்தது என்று வினவுதல் நியாயமே. ஆயினும், அந்நியாயத்தின் பின்னே எமது பிழையை மறைத்தல் முறையாகாது. கடிதம் ஆங்கிலத்தில் வந்தது பிறர் செயல். சொல்லின் இடத்தை உசாவாது பொருள் கூறியது எமது செயல்.

இனி, அச்சொல்லின் இயல்பைச் சிறிது நோக்குவோம். இலத்தீன் மொழியிலே அதன் மூலச்சொல், விதியொன்றை முறையாக நிலைநாட்டுதலைக் குறித்தது. விதியை நிலைநாட்டுதல் என்பதினின்று, 'ஒப்புதல் அளித்தல்' என்னும் பொருள் கிளைத்தது. அவ்விதியை மீறுவோர்க்குரிய தண்டத்தை விதிக்கும் பகுதி என்பதினின்று, 'தண்டனை', 'தடை' என்னும் பொருள்கள் கிளைத்தன. ஒரு வேரினின்று எழுந்த இரு கிளைகள் ஒன்றற்கொன்று எதிர்த்திசையிற் சென்று நிற்கின்றன. அகராதி இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டுத் தருகின்றது. இவ்விடத்துக்கு உரியது எது என்பதை அகராதி கூறமாட்டாது. அதனைக் கூறுவது சார்பே.

தமிழாசிரியர்க்கு ஆங்கிலச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று வினவுவாரும் உளராகலாம். அவர்க்கு எமது விடை இது: பல பொருள் குறித்த ஒரு சொல்லினின்று பொருள் தெரிந்துகொள்ளும் முறையை நமக்கு வகுத்துத் தந்தவர் தொல்காப்பியனார். சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், அத்தகைய சொற்களை அவர் இரு கூறாக்குகின்றார். வினையினாலே பொருள் வேறுபடுவன ஒரு கூறு. அவ்வாறு வேறுபடாதன மற்றொரு கூறு. முதற் கூற்றின் பொருளைத் துணிதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்று வழிகளைக் காட்டுகின்றார். இவ்வதிகாரத்துக்குச் சேனாவரையர் செய்த உரையை 1868ஆம் ஆண்டிலே அச்சிற் பதிப்பித்தவர் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1938ஆம் ஆண்டிலே அரிய விளக்கக் குறிப்புக்களுடன் வெளியிட்டவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். நம்மவர் பேணித்தந்த இச்செல்வத்தை, யாம் பரீட்சை வினாவுக்கு விடையெழுதும் அளவிலேயே நிறுத்திவிட்டோம்.

'மா' என்னும் சொல் மாமரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். 'மா பூத்தது' என்றால் மரமென்பது வினையாற் பெறப்படும். 'மாவும் மருதும் வளர்ந்தன' என்றால், உடனெண்ணிய இனத்தால் மரமென்பது பெறப்படும். கவசம் அணிந்து போருக்கு எழுந்து நிற்கும் வீரன் 'மா கொண்டு வா' என்று ஏவினால், அவன் நிற்கும் நிலையாகிய சார்பினாலே குதிரையென்பது பெறப்படும். இவை உரைகாரர் வழியில் வந்த எடுத்துக்காட்டுக்கள். இம்மூன்று வழிகளும் ஆங்கிலத்துக்கும் பொருந்துமோவெனச் சோதித்துப் பார்ப்போம்.

முதலாவது வினை. 'சாங்ஷன்' என்பதனை விதித்தார்கள், நீக்கினார்கள், இறுக்கினார்கள் என்று வினை வருமாயின் அது தடை. கடன், விடுமுறை, உதவித்தொகை ஆகியவற்றின் பெயரோடு சேர்ந்து அதுவே வினையாகி நிற்குமாயின் அது ஒப்புதல். அப்பையனிடம் வாக்கியத்தைக் காட்டுமாறு கேட்டிருந்தால், அரை நிமிடத்திலே பொருள் விளங்கியிருக்கும்.

இரண்டாவது இனம். நம் நாட்டுக் கடவுச்சீட்டின் உள்ளே ஆங்கிலத்திலுள்ள வேண்டுகோளைப் பலரும் கண்டிருப்பர். அதனை உடையவர் 'லெற்' என்பதேனும் இடையூறேனும் இன்றிச் செல்ல விடுமாறு அது பிற நாட்டாரை வேண்டுகின்றது. 'லெற்' என்றால் 'விடு', 'இடங்கொடு' என்றே நாம் கீழ்வகுப்பிற் கற்றோம். இடங்கொடுத்தல் இன்றிச் செல்ல விடுக என்பது பொருந்துமோ? உடன் நிற்குஞ் சொல்லை நோக்குக. அது 'இடையூறு' என்னும் பொருளது. ஆகவே, 'லெற்' என்பதும் அவ்வினத்ததே, தடையென்னும் பொருளதே என்பது பெறப்படும். பழைய ஆங்கிலத்திலே, விடுதலைக் குறித்த ஒரு வினையும் தடுத்தலைக் குறித்த வேறொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் அவ்விரண்டும் ஒலி தேய்ந்து ஒரே வடிவாயின. சேக்சுபியரின் 'ஹம்லெற்' நாடகத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடர முற்படும் இளவரசன், தன்னைத் தடுப்போரை அச்சுறுத்தும்போது இச்சொல்லைத் தடுத்தல் என்னும் பொருளிலேயே ஆளுகின்றான். ரெனிஸ் ஆட்டத்திலே, முதலடி வலையை உராய்ந்து சென்று உரிய கட்டத்துள் வீழுமாயின் 'லெற்' என்று கூறி மீண்டும் அடிக்கச் செய்வதும் அப்பழம் பொருளின் எச்சமே.

மூன்றாவது சார்பு. இதுவே மூன்றனுள்ளும் அரிது. ஏனெனில், சார்பு வாக்கியத்துக்கு வெளியே நிற்பது. பேசுவோர் யாவர், எந்நாட்டார், எவ்விடத்தே நின்று பேசுகின்றார் என்பவற்றையெல்லாம் அறிந்தாலன்றி அது புலப்படாது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயப் படைத்தலைமை அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் கூடியாராய்ந்த தொடக்க நாட்களில் நிகழ்ந்த ஒன்றைச் சேர்ச்சில் தம் போர் வரலாற்றிலே குறித்துள்ளார். அவசர அறிக்கையொன்றை 'ரேபிள்' செய்யவேண்டுமென ஆங்கிலேயர் கூறினர். கூடாதென அமெரிக்கர் மறுத்தனர். வாதம் நீண்டு கசப்பும் விளைந்தது. இறுதியிலே தெரியவந்தது யாது? ஆங்கிலேயர் வழக்கில் அச்சொல் ஆராய்வின் பொருட்டு மேசைமேல் வைத்தலைக் குறிக்கும். அமெரிக்கர் வழக்கிலோ ஒத்திவைத்து மறந்துவிடுதலைக் குறிக்கும். இரு சாராரும் விரும்பியது ஒன்றே! ஒருமொழி பேசுவோர்க்குள்ளேயே இந்நிலையாயின், நமக்கு எத்துணை விழிப்பு வேண்டும்? நம் பாராளுமன்ற வழக்கு ஆங்கிலேயரைத் தழுவியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம் பழைய மாணவர், சங்கத்துக் கூட்டக் குறிப்புக்களை வாசிக்கும்போது இதனை நினைவிற் கொள்வாராக.

அங்கே வாதத்தோடு போயிற்று. உயிர் போன இடமும் உண்டு. எமது கல்லூரியின் மூத்த மாணவர் பலர், தெனிசன் பாடிய இலகு குதிரைப்படைப் பாட்டை இன்றும் மனப்பாடமாக ஒப்புவிப்பர். அப்பாட்டுக்குக் காரணமான நிகழ்ச்சி, 1854ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆந் தேதி கிரிமியாவிலுள்ள பலக்ளாவாவில் நடந்தது. படைத்தலைவர் ரக்லன் பிரபு உயர்ந்த மேடொன்றின்மீது நின்றார். பக்கத்துக் குன்றுத்தொடரிலே தாம் கைப்பற்றிய பீரங்கிகளை உருசியர் இழுத்துச் செல்ல முயல்வது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பகைவர் பீரங்கிகளைக் கொண்டுபோகாது தடுக்குமாறு குதிரைப்படைக்குக் கட்டளை அனுப்பினார். கீழே பள்ளத்தாக்கில் நின்ற லூக்கன் பிரபுவுக்கோ அக்குன்றின் மறுபக்கம் தெரியவில்லை. எப்பீரங்கிகள் என்று அவர் வினவியபோது, கட்டளையைக் கொணர்ந்த கப்டன் நோலன், பொறுமையிழந்து, பள்ளத்தாக்கின் பக்கமாகக் கையை வீசிக் காட்டினார் என்பர். பள்ளத்தாக்கின் கோடியிலே உருசியரின் பீரங்கி வரிசையொன்று எதிர்நோக்கி நின்றது. ஏறக்குறைய 670 வீரர் அதனை நோக்கியே பாய்ந்தனர். 110 பேர் வரையில் மாண்டனர். அவர்களுள் முதலில் வீழ்ந்தோருள் ஒருவர் நோலன்.

'பீரங்கி' என்னும் சொல்லிலே ஐயமில்லை. எப்பீரங்கி என்பதிலேயே ஐயம். ஆங்கிலத்திலே பெயர்க்கு முன்னர் வரும் 'த' என்னுஞ் சொல், 'நீயும் நானும் அறிந்த அது' என்னும் குறிப்பை உடையது. ரக்லன் தாம் அறிந்ததைக் கேட்போரும் அறிவர் எனக்கொண்டார். மேட்டில் நின்றவருக்கு இருந்த சார்பு பள்ளத்தில் நின்றவருக்கு இல்லை. பாட்டை மனனஞ் செய்வித்த நம் ஆசிரியர்கள் வீரத்தைப் போற்றுவித்தனர், அது தக்கதே. அவ்வீரர் ஏன் அவ்வழியே சென்றனர் என்னும் வினாவையும் உடன் கற்பித்தல் இன்னுந் தக்கது.

வினையும் இனமும் சார்பும் கைகொடாத இடங்களும் உள. 'மா வீழ்ந்தது' என்றால் வீழ்ந்தது மரமா குதிரையா? இரண்டும் வீழக்கூடியன. இதுவே தொல்காப்பியனார் கூறிய இரண்டாங் கூறு. இங்கே அவர் கேட்போனை ஊகிக்கச் சொல்லவில்லை. இன்னதென வெளிப்படக் கிளந்து கூறவேண்டுமென்று சொல்வோன்மீதே கடமையைச் சுமத்துகின்றார். 'மாமரம் வீழ்ந்தது' என்க; ஐயம் நீங்கும்.

இக்கடமையின் பெருமையை உணர்த்தும் வழக்கொன்று ஆங்கில நாட்டு நீதிமன்ற வரலாற்றில் உண்டு. 1952ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் தேதி இரவு, இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குரொய்டனில், களவு நோக்கிப் பண்டகசாலையொன்றின் கூரைமேல் ஏறிய இளைஞர் இருவரைப் பொலிசார் சூழ்ந்தனர். ஒருவன் 16 வயதினனாகிய கிறிஸ்தோபர் கிறெய்க். துப்பாக்கி அவன் கையில் இருந்தது. மற்றவன் 19 வயதினனாகிய டெரெக் பென்ற்லி, எழுத்தறிவில்லாதவன். பென்ற்லியைப் பொலிஸ் அதிகாரியொருவர் முதலிலே பிடித்துக்கொண்டார். அந்நிலையில் அவன் கிறெய்க்கை நோக்கி, 'லெற் ஹிம் ஹாவ் இற்' என்று கூவினானெனப் பொலிசார் சாட்சியம் அளித்தனர். கிறெய்க் சுட்டான். பின்னர் சிட்னி மைல்ஸ் என்னும் பொலிஸ் அலுவலர் அவன் குண்டுக்கு இரையானார்.

அவ்வாங்கிலத் தொடரின் நேர்ப்பொருள் 'அது அவரிடம் இருக்கட்டும்' என்பது. 'அது' என்பது துப்பாக்கியாயின், 'அதனை அவரிடம் கொடுத்துவிடு' என்னும் நல்லுரை. 'அது' என்பது குண்டாயின், 'சுடு' என்னும் கொலையுரை. அவ்வாறு வழங்குதலும் ஆங்கிலப் பேச்சில் உண்டு. நம்மூரிலும் 'அவனுக்குக் குடு' என்று ஒருவன் கூவினால், பொருளைக் கொடுக்கச் சொல்கின்றானா அடிகொடுக்கச் சொல்கின்றானா என்பது சொல்லளவிலே தெரியாதன்றோ? வழக்குத்தொடுநர் இரண்டாவது பொருளையே கொண்டனர். அச்சொற்கள் சொல்லப்படவேயில்லை என்று இளைஞர் இருவரும் மறுத்தனர். நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகளெனக் கண்டது. சுட்டவன் 18 வயதுக்குட்பட்டவனாதலின் தூக்குக்குத் தப்பினான். சுடாதவன் 1953ஆம் ஆண்டு சனவரி 28ஆந் தேதி தூக்கிலிடப்பட்டான். நடுவர் யூரிமாருக்கு அளித்த தொகுப்புரை நீதிக்கு ஒவ்வாதது என்பதைத் தலையாய காரணமாகக் காட்டி, 1998ஆம் ஆண்டு யூலை 30ஆந் தேதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் நீங்கிய தீர்ப்பு, உயிரை மீட்டுத் தருமோ?

இதனாற் பெறப்படுவது யாது? சார்பு பொருளைத் துணிவிக்கும் இடத்தே துணிதல் அறிவு. துணிவிக்காத இடத்தே, 'இவ்விடத்துப் பொருள் தெளிவாகவில்லை' என்று சொல்லி நிறுத்தலும் அறிவே. அவ்விடத்தே நமக்கு வேண்டிய பொருளைப் பற்றிக்கொள்ளுதல் அறிவன்று. சில வேளைகளிலே அது அநீதியுமாகும்.

இனி எமது கருத்தைச் சுருங்கக் கூறுவோம். நம் மாணவர் ஆங்கிலச் சொற்களை இரு நிரலாக எழுதி மனனஞ் செய்கின்றனர். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். இவ்வழக்கம் மாறவேண்டும். நடுவே மூன்றாவதொரு நிரல் வேண்டும். சொல் வந்த வாக்கியத்தை அதில் எழுதுக. வாக்கியமின்றி வரும் சொல்லுக்கு ஆசிரியர் பொருள் கூறாதிருப்பாராக. இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசி கண்ணிமைக்குமுன் பொருள் தருகின்றது. அதற்கும் தனிச்சொல்லை ஈந்தால் ஏதோவொரு பொருளைத் தரும். முழு வாக்கியத்தை ஈந்தால் பெரும்பாலும் தக்க பொருளைத் தரும். மேட்டில் நின்றவர் கண்டதையும் பள்ளத்தில் நின்றவர் காணாததையும் நாம் சொல்லாதவழி அதுவும் அறியாது.

தமிழிலக்கிய வினாத்தாளில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்னும் வினாவைப் பழைய மாணவர் எவரும் மறந்திருக்கமாட்டார். யார் கூற்று, யாருக்குக் கூறியது, எச்சந்தர்ப்பத்தில் என்று எழுதிய பின்னரே பொருள் எழுத விடுவோம். அப்பயிற்சியை ஆங்கில வகுப்பினுள்ளும் கொண்டுசெல்க. வாரத்தில் ஒரு பாடவேளையேனும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் உடனிருந்து ஒரு கடிதத்தையோ பத்திரிகைச் செய்தியையோ மாணவரோடு ஆராய்வாராக. இரு மொழியும் ஒன்றையொன்று பகைப்பனவல்ல. ஒன்று மற்றொன்றற்கு விளக்காகும்.

பழைய மாணவரிடத்தும் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. வைத்தியரே, 'பொசிற்றிவ்' என்னும் நற்சொல் பரிசோதனை அறிக்கையிலே நோயுண்மையைக் குறிப்பதை நீவிர் நாள்தோறும் காண்கின்றீர். வங்கியாளரே, 'இன்ரறஸ்ற்' என்பது உமக்கு வட்டி. அதுவே சட்டத்தரணிக்குச் சொத்திலுள்ள உரித்து. எமக்கு மாணவனின் ஆர்வம். உங்கள் தொழிலிலே எதிர்ப்படும் இத்தகைய சொற்களை, அவை வந்த வாக்கியத்தோடு எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். பெருங்கொடை அளிக்க இயலாத பழைய மாணவரும் இக்கொடையை அளிக்கலாம்.

அம்மாரிக்குப் பின்னர், அக்குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைத்தது, கூரையும் ஏறிற்று. அதன்பின், வகுப்புக்குச் செல்லும் வழியில் மாணவர் எவரேனும் சொல்லொன்றைக் கேட்டால், மணி அடித்துவிட்டாலும் யாம் நின்றுவிடுகின்றோம். "எங்கே வந்தது, காட்டு" என்கின்றோம். விழாக்காணும் எமது கல்லூரி அன்னையின் மைந்தர் அனைவரும் அவ்வாறே நின்று கேட்பாராக.